ஏழாம் நம்பர் செருப்பும் பதினைந்தாம் மையமும்

சுகாதார அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எண்களைக் கூட்டி வகுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. வாசலில் நிற்கும் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'சராசரியக்கா'தான். பெரிய டாக்டர் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. ஒருநாள் வீட்டில் கறியில் உப்பு கரித்தது, சோற்றில் உப்பே இல்லை. புருஷன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, இரண்டையும் பிசைந்து சாப்பிட்டால் சராசரியாகச் சரியாக இருக்கும் என்று பதில் வந்தது. மகன் கணக்கில் தொண்ணூற்றெட்டும் மொழிப்பாடத்தில் இருபத்திரண்டும் வாங்கிய வருடம் வாத்தியார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறுபது நல்ல மார்க்குதானே சார் என்று அவரைத் தேற்றிவிட்டு வந்தாள்.

இதற்கெல்லாம் சிகரம் செருப்பு விவகாரம். அவள் புருஷனுக்குச் செருப்புக் கடை. கல்யாணமான புதிதில், கடைக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கால் அளவையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினாள். கூட்டினாள், வகுத்தாள், ஏழு வந்தது. புது மனைவியின் பேச்சைத் தட்ட முடியாமல் அந்த நல்ல மனுஷன் ஏழாம் நம்பரில் இருநூறு ஜோடி வரவழைத்தார். வந்த ஆண்களெல்லாம் ஒன்பதும் பத்தும் கேட்டார்கள். பெண்களெல்லாம் ஐந்தும் ஆறும் கேட்டார்கள். ஏழு கேட்க ஒரு காலும் வரவில்லை. அட்டைப்பெட்டிகள் பரண் ஏறின. அதற்குப் பிறகு சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் இவர்கள் கையில் ஏழாம் நம்பர் செருப்புதான். சித்தப்பா குதிகால் வெளியே தொங்க நடந்தார். அத்தை முன்னால் பஞ்சு அடைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் புருஷன் அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. எப்போதாவது பரணை மட்டும் அண்ணாந்து பார்ப்பார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

பட்டும் புத்தி வரவில்லையா என்று கேட்கலாம். எப்படி வரும்? கடையில் என்றால் பொருந்தாத கால் நேரே வந்து நின்று கடிக்கிறது என்று சொல்லும். அலுவலகத்துப் படிவத்தில் யார் வந்து கடிக்கிறது என்று சொல்லப்போகிறார்கள்?

அவளுடைய அறை மாடியில், மருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு மின்விசிறி, ஒரு ஜன்னல், நாலு கால் மேசை. நாலில் ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் பழைய விதிமுறைக் கட்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அலுவலகத்தின் கீழ் பதினான்கு மருத்துவ மையங்கள். பதிவான கர்ப்பிணிகளில் நூற்றுக்கு எத்தனை பேர் நாலு பரிசோதனையும் முழுசாகச் செய்துகொண்டார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் எண் வரும். அதைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பட்டியல் போடுவது அக்காவின் வேலை.

இந்தப் பட்டியலுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் அதை மேலிருந்து வாசிப்பார்கள். கடைசி வரிசை வந்ததும் அந்த மையத்தின் பொறுப்பாளர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அடியா உதையா, ஒன்றும் கிடையாது, பத்து நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் கத்தியெடுத்து வயிற்றைக் கீறுகிற டாக்டர்களே கூட்டத்துக்கு முதல்நாள் சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள். நிற்க வைக்கிற அதே விதியில் ஒரு தயவும் இருந்தது: கடைசியில் இருக்கிற மையம் மேலே வரும்வரை அங்கிருந்து ஆளையோ வண்டியையோ யாரும் எடுக்கக் கூடாது.

நான்காம் மையம் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்தது. பெரிய டாக்டர்தான் அதற்குப் பொறுப்பு. அதன் எண் தொண்ணூற்றிரண்டு. அந்தப் பட்டியல் போன பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொண்ணூறைத் தாண்டிய மையங்களுக்கு இனி நடமாடும் மருத்துவ வண்டி தேவையில்லை, அடுத்த அறிக்கையிலும் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் வண்டியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. அக்காவுக்கு ஒரே பெருமை. தன் எண்ணுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டு அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது தான்தான் என்று தெரிய ஆறு நாள் ஆனது.

அவளுக்கு ஒரு தங்கை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் புருஷனோடு குடியிருந்தாள். முதல் பிள்ளைக்கு எட்டு வருடம் கழித்து இப்போது மறுபடி உண்டாகி ஐந்து மாதம். வியாழன்தோறும் சூளைப் பக்கம் வரும் நான்காம் மையத்து வண்டியில்தான் அவளுக்குப் பரிசோதனை. இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, வாராவாரம் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் செருப்புக் கடையில் இருந்தபோது, தங்கை வந்தாள். பழைய செருப்பு காலைப் பிடிக்கிறது என்றாள்.

அக்காவின் புருஷன் ஆறாம் நம்பரை எடுத்தார். தங்கை எப்போதும் போடுவது அதுதான். நுழையவில்லை. விளையாட்டாகப் பரணிலிருந்து ஏழாம் நம்பர் ஒன்றை இறக்கினார். அச்சில் வார்த்தமாதிரி உட்கார்ந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல்தடவையாக ஏழாம் நம்பர் ஒரு காலுக்குப் பொருந்திய சந்தோஷத்தில் அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள், பார்த்தீர்களா என் கணக்கை என்று. சிரித்துக்கொண்டே குனிந்து தங்கையின் கணுக்காலை விரலால் அழுத்தினாள். வீங்கிய காலில் விரல் பட்ட இடம் குழிந்தது, குழி எழும்பவில்லை. சுகாதார அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தங்கைக்கு அதைவிட வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. வண்டி நிற்கப்போவதை நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"ஏன்க்கா, தொண்ணூத்திரண்டுன்னு எழுதினது நீயா?"

"ஆமாடி. நல்ல நம்பர்தானே."

"எங்க சூளையில மட்டும் ஆறு பேரு மாசமா இருக்கோம். நாலு தடவையும் பாத்துக்கிட்டவங்க ரெண்டே பேரு. உன் தொண்ணூத்திரண்டுல நாங்க எங்க இருக்கோம்?"

மீதி எட்டில் இருப்பீர்கள் என்று அக்கா சட்டென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. தங்கை கோபப்படவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கீழ்த்தள மையத்துக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும், பதினொரு மணிக்கு டோக்கனை நிறுத்திவிடுகிறார்கள், ஒருமுறை வந்து மூடின கவுண்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அக்கா மாடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தபோது கீழே இவள் வந்து திரும்பிப் போயிருக்கிறாள்.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் அக்கா நான்காம் மையத்தின் பதிவேட்டை எடுத்தாள். மொத்தம் இருநூற்றைம்பது கர்ப்பிணிகள், முழுசாகப் பரிசோதித்துக்கொண்டவர்கள் இருநூற்று முப்பது. இதுவரை மொத்தத்தை மட்டுமே பார்த்தவள், முதல்தடவையாக முகவரியைப் பார்த்தாள். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருநூற்றிருபது பேர், அதில் இருநூற்றுப் பதினெட்டுப் பேருக்கு எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பக்கம் முப்பது பேர். முடிந்தது பன்னிரண்டு. இந்தப் பக்கம் தொண்ணூற்றொன்பது, அந்தப் பக்கம் நாற்பது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இத்தனை வருடம் மறைத்தது தன் கைதான் என்று நினைத்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. மூன்று தடவை வகுத்துப் பார்த்தாள். அது கருணையே இல்லாமல் அதே நாற்பதாக வந்தது.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. பாவமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு மையத்துக்குப் படிவத்தில் ஒரு கட்டம்தான், பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று கட்டம் கிடையாதே என்று கையை விரித்தார். கட்டம் இல்லாத துக்கத்துக்கு அலுவலகத்தில் இடம் கிடையாது. அவர் என்ன செய்வார், பாவம்.

அக்கா மாடிக்கு வந்தாள். மேசையைத் தூக்கி, காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த விதிமுறைக் கட்டை உருவினாள். தூசியைத் தட்டி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அந்தக் கட்டு இத்தனை காலம் மேசையைத் தாங்கியதே தவிர, அதை யாரும் திறந்த அடையாளம் இல்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது: கட்டடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சேவை வழங்கப்படும் ஒவ்வோர் இடத்தையும் தனி மையமாகப் பதியலாம்.

வியாழக்கிழமை வண்டி நிற்கிற இடமும் சேவை வழங்கப்படும் இடம்தானே? அக்கா புதுப் பதிவுப் படிவம் ஒன்றை எடுத்து, மையம் பதினைந்து என்று எழுதினாள். அவள் பொய் எழுதுகிற ஜாதி இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி பதில் சொன்னாள். கட்டடம் சொந்தமா வாடகையா: மற்றவை. கதவுகள்: மூன்று, ஒன்று சாத்தாது. ஜன்னல்கள்: ஆறு. சுற்றுச்சுவர்: இல்லை. கட்டடம் கடைசியாகப் பழுதுபார்க்கப்பட்ட தேதி: சென்ற மாதம், பின் சக்கரம் மட்டும். பொறுப்பாளர் பெயர் கேட்ட இடத்தை மட்டும் வெறுமையாக விட்டாள்.

இனிக் கையெழுத்து. புது மையத்தைப் பதிந்து, அந்தப் பக்கத்து முப்பது பேரையும் அதன் கணக்கில் சேர்த்து, பட்டியலையும் அதற்கேற்றபடி மாற்றி எடுத்துக்கொண்டு கீழே போனாள். பெரிய டாக்டருக்கு ஒரு சகலை உண்டு. ஒன்பதாம் மையத்துக்குப் பொறுப்பாளர். தொண்ணூற்றேழு வைத்துக்கொண்டு வருடக்கணக்காக முதலிடத்தை விடாமல், மாமனார் வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்காருகிறவர். புதுப் பட்டியலின் முதல் வரிசையில் நான்காம் மையம், தொண்ணூற்றொன்பது என்று இருந்ததைப் பெரிய டாக்டர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். கடைசியில் பதினைந்தாவது ஒன்று இருக்கிறது சார் என்று அக்கா சொன்னாள். இருக்கட்டும் இருக்கட்டும் என்றார். அது நம் பொறுப்பில்தான் வரும் சார் என்றாள். வரட்டும் வரட்டும் என்றார். மனசாட்சிக்கு இரண்டு தடவை போதும் என்று அக்கா மூன்றாம் தடவை சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, மை காய ஊதியும் கொடுத்தார்.

பட்டியல் போன வேகத்தில் பதில் வந்தது. எழுபத்தொன்றோடு வழக்கமாகக் கடைசியில் நிற்கும் பதினோராம் மையத்து டாக்டர், தன் வாழ்நாளில் முதல்தடவையாகக் கடைசிக்கு முந்தி வந்துவிட்ட நன்றியில் தொலைபேசியில் அழாத குறையாகப் பேசினார். தலைமை அலுவலகமோ வெளுத்து வாங்கியது. நாற்பது ஏன்? சுற்றுச்சுவர் ஏன் கட்டவில்லை? பொறுப்பாளர் எங்கே போனார்? பெரிய டாக்டர் கடிதங்களோடு மாடிக்கு ஓடி வந்து, பதினைந்தாம் மையம் என்று ஒன்று கிடையவே கிடையாதே அக்கா என்றார். அக்கா அவருடைய கையெழுத்தைக் காட்டினாள். அவர் முட்டு இல்லாத மேசையில் கையை ஊன்ற, மேசை அவர் பக்கமாகச் சாய்ந்தது.

ஒரு வியாழக்கிழமை ஆய்வு அதிகாரியே கிளம்பி வந்தார். மொத்தத்திலும் மோசமான மையத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்குப் புறப்பட்டார். பாலம் தாண்டியதும் சாலை மனம் மாறிவிட்டது. கார் சேற்றில் சிக்கிக்கொண்டது. அதிகாரி இறங்கி நடந்ததில் ஒரு ஷூவைச் சேறு எடுத்துக்கொண்டது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அக்கா தன் பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை நீட்டினாள். எந்த நம்பர் என்று சொல்ல வேண்டியதில்லை. முக்கால் பாதத்தை உள்ளேயும் கால் பாதத்தைச் சேற்றிலும் வைத்து நடந்து அவர் சூளைக்குப் போய்ச் சேர்ந்தார்.

புகைபோக்கியின் நிழலில் வண்டி நின்றது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். மையம் எங்கே என்று அதிகாரி டிரைவரைக் கேட்டார்.

"படி பாத்து ஏறுங்க சார். மையம் லேசா ஆடும்."

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஓர் அரசு அலுவலகத்தை வைத்து விளையாடுகிறீர்களா, யார் செய்த வேலை இது என்று சத்தம் போட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று அக்கா வாயைத் திறப்பதற்குள், உள்ளே அவள் தங்கையின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், காதில் ஒன்றும் கேட்கவில்லை, கொஞ்ச நேரம் சும்மா இருங்கள் என்றாள். யாரைச் சொல்கிறோம் என்று அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதிகாரி வாயை மூடிக்கொண்டார். பட்டையிலிருந்து காற்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நூற்றைம்பதுக்கு நூறு என்றாள் நர்ஸ். போன வாரத்தைவிடக் கூடுதல், மாத்திரையை மாற்ற வேண்டும், திங்கட்கிழமையே மறுபடி பார்த்தால் நல்லது, ஆனால் திங்கட்கிழமை வண்டி கிடையாது என்றாள்.

அதிகாரி தங்கையின் காலைப் பார்த்தார். தன் காலில் இருந்த அதே செருப்பு அவளுக்கு இறுக்கமாக இருந்தது. வண்டி வராவிட்டால் எப்படிம்மா போவாய் என்று தணிந்த குரலில் கேட்டார். அவள் இரண்டு பஸ்ஸையும் பதினொரு மணி டோக்கனையும் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காரில் வந்தும் மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது. பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"தொண்ணூத்திரண்டுன்னு இத்தனை நாளா அனுப்பினது நீங்கதானேம்மா?"

"ஆமா சார். அது தப்புக் கணக்கு இல்ல. ஆனா அதுல இவங்க யாருமே தெரியல. தனியா எழுதினப்பதான் தெரிஞ்சாங்க."

அதிகாரி விதிக்குப் பிறந்து விதிக்கு வளர்ந்தவர். கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, நாற்பத்தோராம் பக்கம் இருக்கிறது. கடைசி வரிசை மையத்திலிருந்து வண்டியை எடுக்கவும் முடியாது. ஆகவே அந்த ஆடும் மையத்திலேயே உட்கார்ந்து ஆணை எழுதினார். வண்டி இங்கேயேதான் இருக்கும், திங்களும் வியாழனும் வரும், பாலத்துக்கு அப்பாலிருந்து வருகிறவர்களுக்குக் கீழ்த்தள மையத்தில் மதியம் ஒரு மணிவரை டோக்கன் கொடுக்க வேண்டும். பொறுப்பாளர் இடம் வெறுமையாக இருந்ததால், படிவத்தை நிரப்பியவரே பொறுப்பாளர் என்று போட்டு, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதும் அவரே என்று முடித்தார்.

கூட்டம் நடந்தது. முதல் வரிசையை வாசித்ததும் பெரிய டாக்டர் சகலையைப் பார்த்தபடி எழுந்து வணங்கினார். கைதட்டல் அரை நிமிடத்தில் ஓய்ந்துவிட்டது. கடைசி வரிசைக்குத்தான் முழுசாகப் பத்து நிமிடம். அக்கா எழுந்து நின்றாள். நாற்பது ஐம்பத்தொன்றாகியிருந்தது, ஆனாலும் கடைசிதான். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள். கொடுத்த பத்து நிமிடம் போதாமல் இன்னும் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினாள். இப்படி நிற்க ஆசைப்பட்டு நின்ற ஆளை அந்த மண்டபம் அதுவரை பார்த்ததில்லை. உட்காரும்போது கவனித்தாள், மூன்று நாலு டாக்டர்கள் தங்கள் பதிவேட்டைத் திறந்து முகவரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சகலையின் கால் கீழே இறங்கியிருந்தது.

தங்கைக்கு எட்டாம் மாதக் கடைசித் திங்கட்கிழமை அழுத்தம் எகிறியது. வண்டி அவளை ஏற்றிக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. வியாழன்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதை அக்கா யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பெண் குழந்தை பிறந்தது, இரண்டேகால் கிலோ. குழந்தைகளின் சராசரி எடையைவிடக் குறைவு என்று புருஷன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். சராசரியைத் தூக்கி உடைப்பில் போடுங்கள் என்றாள் அக்கா. அவர் பத்தொன்பது வருடமாக அந்த வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை குழந்தையோடு கடைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிக் கல்லா மேல் வைத்தாள்.

"மாமா, இது லொடலொடன்னு கழண்டு கழண்டு போகுது."

ஏழாம் நம்பருக்குப் பொருந்திய ஒரே காலும் போயிற்றே என்று அவர் பரணை அண்ணாந்து பார்த்தார். அக்கா கீழே உட்கார்ந்து, தங்கையின் பாதத்தை எடுத்து மடியில் வைத்து, கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. இன்னொரு காலையும் அழுத்திப் பார்த்தாள்.

"ஆறாம் நம்பர் எடுங்க," என்றாள் புருஷனிடம்.